உயிர்ப்புள்ளிவிபரவியல்: எங்கே படிப்பது?

நம்பிக்கை: நோய்த் தரவுகளைப் புள்ளிவிபர முறைகளால் ஆராயும் இந்தத் துறை உயிரியல் படித்தவர்களுக்குத்தான்.

உண்மை: ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் இருந்து உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் இந்த ஒரு எண்ணத்தாலேயே விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது. பட்டப்பின் படிப்புக்கு ஆளெடுப்போர் முதலில் தேடுவது நுண்கணிதம், தாய அட்சரகணிதம், நிகழ்தகவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் கணிதமோ புள்ளிவிபரவியலோ படித்தவரிடம் அந்த அத்திவாரம் இருக்கிறது. நோய்களைப் பற்றி வேலையோடு வேலையாகப் படித்துக்கொள்ளலாம். விட்டுப்போன கணிதத்தைப் பிறகு பிடிப்பதுதான் கடினம்.

நம்பிக்கை: தரவரிசையில் மேலே நிற்கும் பல்கலைக்கழகமே நல்லது.

உண்மை: மாணவரின் கைக்கு எப்படிப்பட்ட தரவு வரும் என்பதைத் தரவரிசை சொல்லாது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளரை எழுமாற்றாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை கொடுத்தது. நெருக்கமான ஏழை வீடுகளிலும் சிகிச்சை பலித்தது. வீட்டாருக்குத் தொற்றும் அதனால் கூடவில்லை. 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நோயாளரும் புள்ளிவிபரவியலாளரும் ஒரே இடத்தில் இருந்ததால் கிடைத்த பலன் அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறை மருத்துவமனையோடு சேர்ந்தே இயங்குவதை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். மருத்துவத் தரவா, வேறு துறையா என்று இன்னும் தீர்மானிக்காதவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பிரயோகப் புள்ளிவிபரவியல் முதுமாணி பொருந்தும்.

தீவுப் பிள்ளைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நெடுந்தீவைப் போலச் சில ஆயிரம் பேரே வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாயிரம் பேரில் ஒரு நோயால் ஆண்டுக்கு ஒரு மரணம் என்றால் வீதம் இலட்சத்துக்கு 25. அடுத்த ஆண்டு இரண்டு மரணம் நேர்ந்தால் அது 50. நோய் பெருகியதா, தற்செயலா? அயற்பகுதிகளின் தரவையும் சேர்த்து இதை மதிப்பிட முறைகள் உண்டு. அவற்றைக் கற்பிக்கும் பாடத்திட்டமா என்று பாருங்கள். நம் ஊர்களுக்கு அந்த அறிவு மிகவும் தேவை.

நம்பிக்கை: முதுமாணி முடித்தே கலாநிதிப் படிப்புக்குப் போகலாம், வெளிநாடென்றால் காணி விற்க வேண்டும்.

உண்மை: அமெரிக்காவில் பல துறைகள் முதற்பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு எடுக்கின்றன. அங்கே கலாநிதி மாணவருக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. கற்பித்தலிலோ ஆய்விலோ உதவ வேண்டும். முதுமாணிக்குத்தான் பெரும்பாலும் கைக்காசு போகும். ஆகவே ஈடு வைக்கும் முன் கட்டண விலக்கு எத்தனை ஆண்டுக்கு, கோடை மாதங்களுக்கும் கொடுப்பனவு உண்டா, மருத்துவக் காப்புறுதியை யார் கட்டுவது என்று துறையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.