காரும் கடமையும்

திருத்தணிகை மலைமீது எழுந்தருளியுள்ள முருகப்பெருமானைக் காணச் செல்வோர், ஓராண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகளின் வழியே ஏறிச் செல்வர். வண்டியில் செல்வோர்க்குத் தனியே ஒரு மலைப்பாதையும் உண்டு. ஊரின் வழியே சென்னையையும் திருப்பதியையும் இணைக்கும் சாலை செல்கின்றது. ஆந்திர எல்லை மிக அண்மையில் இருத்தலால், இரு மாநில வண்டிகளும் அங்கு இடையறாது ஓடும். கரும்பேற்றிய டிராக்டர்கள் ஒருபுறம் அசைந்து செல்லும். பள்ளிச் சிறுவர் மறுபுறம் சைக்கிளில் செல்வர். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டாலோ, காவடி சுமந்த அடியார்கள் சாலையோரமெங்கும் சாரிசாரியாக நடந்து வருவர். இத்தகைய சாலையில் முதன்முதலாகக் கார் ஓட்டப் புகும் இளைஞன் ஒருவன் எத்தகைய காரை வாங்குதல் தகும்?

‘கையிலுள்ள பணத்திற்கு எது பெரிதாகக் கிடைக்குமோ, அதுவே நன்று’ என்பது இளமை கூறும் விடை. ஆராய்ந்து பார்ப்பவர் கூறும் விடை வேறு. காரின் விலை ஒருமுறை கொடுப்பது. அதனை வைத்து ஆளும் செலவோ ஆண்டுதோறும் வருவது. அச்செலவுகளுள் எரிபொருளும் பழுதுபார்த்தலும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். பலர் எண்ணிப் பாராத செலவு ஒன்று உண்டு. அதுவே காப்பீடு, வழக்கில் இன்ஷூரன்ஸ் எனப்படுவது.

காப்பீடு இருவகைப்படும். காரால் பிறர்க்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது ஒன்று. காருக்கே நேரும் சேதத்தை ஈடுசெய்வது மற்றொன்று. முன்னதை மூன்றாம் நபர் காப்பீடு என்பர். இதனைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. பின்னது உரிமையாளர் விருப்பத்தைப் பொறுத்தது.

இக்கட்டாயம் ஏன் வந்தது? கார் ஒன்று தடம் மாறி, சாலையோரம் நடந்து செல்லும் நெசவாளர் ஒருவர்மீது மோதிவிட்டது எனக் கொள்வோம். அவர் கை முடங்கினால் தறியும் முடங்கும். குடும்பத்தின் அடுப்பும் அணையும். காரோட்டியோ கைப்பொருள் இல்லாதவன். நீதிமன்றம் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தாலும், இல்லாதவனிடமிருந்து பெறுவது எங்ஙனம்? இத்துன்பத்தை நீக்கவே இங்கிலாந்து 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தால் இக்காப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. இந்தியாவிலும் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென ஒரு பகுதி அமைந்தது; அப்பகுதி 1946ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திற்கு மாற்றாக வந்த 1988ஆம் ஆண்டின் சட்டமும் இவ்விதியைக் காத்து நிற்கின்றது. எனவே காப்பீடு என்பது அரசுக்குச் செலுத்தும் தண்டமன்று. சாலையில் எதிர்ப்படும் முன்பின் அறியாத மனிதர்க்கு ஒவ்வொரு காரோட்டியும் முன்னரே கொடுத்துவைக்கும் உறுதிமொழியாகும்.

இனிக் காரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஓட்டுபவரின் வயதையும் பழக்கத்தையும் நோக்கிக் காப்பீட்டுக் கட்டணம் பெரிதும் ஏறும். நம் நாட்டில் மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் எஞ்சினின் கொள்ளளவைக்கொண்டு வரையறுக்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, சொந்தக் கார்களுள் 1000 சி.சி.க்கு மேற்படாதவற்றிற்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய்; அதற்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், 1500 சி.சி.க்கு மேற்பட்டவற்றிற்கு 7,897 ரூபாய். இவை வரி நீங்கலான தொகைகள். சிறிய காருக்கும் பெரிய காருக்கும் ஓராண்டில் 5,803 ரூபாய் வேறுபாடு. இதே கட்டணம் நீடித்தால் ஐந்தாண்டில் அது 29,015 ரூபாயாகும். 1983ஆம் ஆண்டில் வெளிவந்து நடுத்தரக் குடும்பங்களின் முதற் காராக விளங்கிய மாருதி 800 காரின் எஞ்சின் 796 சி.சி. அளவினதே. குடும்பம் ஏறிச் செல்லச் சிறிய எஞ்சின் போதும் என்பதற்கு அதுவே சான்று.

சிக்கனம் கருதிப் பாதுகாப்பை இழத்தலும் ஆகாது. 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் தயாரிக்கப்பட்ட கார்களில் ஓட்டுநர்க்குக் காற்றுப்பை கட்டாயமாக்கப்பட்டது. ஆதலின் பழைய கார் வாங்குவோர், அது தயாரிக்கப்பட்ட ஆண்டை முதலில் நோக்குதல் நலம்.

பழைய கார் எல்லைக்கு அப்பால் மலிவாகக் கிடைக்கின்றது என்றதும் இளைஞன் உள்ளம் துள்ளும். நகரியிலோ புத்தூரிலோ வாங்கிய கார் அரைமணியில் திருத்தணி வந்துவிடும். அதன் உரிமை அவ்வளவு எளிதில் வந்துவிடாது. அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் வரி செலுத்த வேண்டும். பதிவுச் சான்றில் பெயர் மாற்ற வேண்டும். காப்பீட்டையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இச்செலவுகளையும் கூட்டிப் பார்த்த பின்னரே ‘மலிவு’ என்னும் சொல்லை வழங்குதல் தகும். விற்றவர் விபத்தின்றி ஓட்டிப் பெற்ற கட்டணச் சலுகை அவரோடு சென்றுவிடும்; காரோடு வாராது. வாங்கியவன் தானே ஓராண்டு இழப்பீடு கோராமல் ஓட்டினால், சொந்தச் சேதக் காப்பீட்டின் கட்டணத்தில் நூற்றுக்கு 20 குறையும். அச்சலுகை படிப்படியாக வளர்ந்து நூற்றுக்கு 50 வரை எட்டும். நிதானத்திற்குக் கிடைக்கும் ஊதியம் அது.

கார் அமைந்தாலும் ஓட்டும் உரிமை அமைதல் வேண்டும். 18 வயது நிரம்பியவர் முதலில் பழகுநர் உரிமம் பெறுவர். அது ஆறு திங்கள் செல்லும். பெற்று 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். பழகும் காலத்தில், உரிமம் பெற்ற ஒருவர் வண்டியை நிறுத்தவல்ல இடத்தில் உடன் அமர்ந்திருத்தல் வேண்டும். காரின் முன்னும் பின்னும் வெண்ணிறப் பின்னணியில் செந்நிற ‘எல்’ எழுத்து விளங்குதல் வேண்டும். பழகுநர் உரிமமும் சட்டத்தின்முன் உரிமமே என 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே விதிப்படி பழகுபவனுக்கும் காப்பீடு துணைநிற்கும். உரிமமே இன்றி ஓட்டுபவன் நிலை வேறு. அடிபட்டவர்க்குக் கொடுத்த தொகையைக் காப்பீட்டு நிறுவனம் காரின் உரிமையாளரிடமிருந்தே திரும்பப் பெறலாம். மகன் விளையாட்டாக எடுத்த காருக்காகத் தந்தை நிலத்தை விற்க நேர்வதும் உண்டு.

காரின் அழகைக் காண்பவர் பலர். அதன் பொறுப்பைக் காண்பவர் சிலர். வரவுக்குள் அடங்கும் விலையும், தவறாமல் புதுப்பிக்கத்தக்க காப்பீடும், முறைப்படி பெற்ற உரிமமும் ஒருங்கே அமைந்த காரே இளைஞனுக்கு ஏற்ற முதற் கார். அக்காரில் அமர்ந்து அவன் மலைப்பாதையின் வளைவில் மெல்லத் திரும்பும்பொழுது, ஓரமாக நடந்து செல்லும் முதியவரும் அச்சமின்றி நடப்பர். அவ்வச்சமின்மையே நல்ல காரோட்டிக்கு அழகாகும்.