டில்லிக் குடிசைப் பகுதிகளில் ஒரு தொண்டு முயற்சி

1988ஆம் ஆண்டில் டில்லியில் காலரா நோய் பரவியது. குடிசைப் பகுதிகள் பலவற்றில் மக்கள் குடிநீருக்கு ஆழமற்ற கைப்பம்புகளையே நம்பியிருந்தனர். சாக்கடை வசதியில்லாத இடங்களில், நிலத்தில் ஊறிய கழிவு அந்நீரிலேயே கலந்தது. அவ்வேளையில் தென் டில்லியிலுள்ள அம்பேத்கர் பஸ்திக்குக் குழந்தை மருத்துவரான டாக்டர் கிரண் மார்ட்டின் சென்றார். இரவல் வாங்கிய மேசை ஒன்றை மரத்தடியில் இட்டு, நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கத் தொடங்கினார். ‘ஆஷா’ என்னும் தொண்டு நிறுவனம் இவ்வாறே தோன்றியது. ஆஷா என்ற சொல்லுக்கு நம்பிக்கை என்பது பொருள்.

மருந்து நோயாளியைக் குணப்படுத்தும். ஆனால் அவர் திரும்பிச் சென்று அதே பம்பின் நீரையே குடிக்க வேண்டியிருக்கிறது. மேலும், காலரா கண்டவர் சில மணி நேரத்திலேயே உடலின் நீரை இழந்து இறக்கக்கூடும். நள்ளிரவில் மருத்துவர் வந்து சேரும்வரை நோய் காத்திராது. எனவே, உதவி அதே தெருவில் இருத்தல் அவசியமாயிற்று.

தெருவிலேயே தொண்டர்

இத்தேவையை நிறைவு செய்ய, அப்பகுதிப் பெண்களே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டினால், வயிற்றுப்போக்கால் துவளும் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இதற்குப் பட்டம் தேவையில்லை. முறையான பயிற்சி போதும். அயலார் வீட்டில் கருவுற்றிருப்பவர் யார், தடுப்பூசி போடப்படாத குழந்தை எது என்பனவற்றை வெளியாரைவிட அத்தெருப் பெண்ணே நன்கறிவாள்.

மாதர் மன்றங்கள்

அடுத்த கட்டமாக மாதர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. குடிநீர்க் குழாய், கழிப்பிடம், சாக்கடை ஆகியவற்றுக்காகப் பெண்கள் தாமே அலுவலகங்களுக்குச் சென்று மனுக் கொடுக்கப் பழகினர். தனியொருவரின் வேண்டுகோள் சலுகை கேட்பதாகக் கருதப்படலாம். தெரு முழுவதும் கையெழுத்திட்ட மனு பொதுத் தேவையாகப் பதிவாகிறது. இடைத்தரகரின் தயவும் தேவைப்படுவதில்லை.

குடியிருப்போரை வளர்ச்சிப் பணியில் ஈடுபடுத்தும் எண்ணம் தலைநகருக்குப் புதிதன்று. 1958இல் டில்லி மாநகராட்சி, ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் நகரச் சமுதாய வளர்ச்சி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கி, ‘விகாஸ் மண்டல்’ என்ற குடிமக்கள் மன்றங்களை அமைத்தது.

நிலமும் பொறுப்பும்

என்று வேண்டுமானாலும் இடிக்கப்படலாம் என்னும் அச்சம் உள்ளவரை, எக்குடும்பமும் உறுதியான சுவர் எழுப்ப முன்வராது. 1990ஆம் ஆண்டையொட்டி வகுக்கப்பட்ட டில்லியின் கொள்கையில், மாற்றிடம் அளித்தல், இருக்குமிடத்திலேயே மேம்படுத்தல், அடிப்படை வசதிகளைப் பெருக்குதல் என மூன்று வழிகள் இடம்பெற்றன. இவற்றுள் இரண்டாவது வழியில், ஆஷாவும் அரசு அமைப்புகளும் இணைந்து ஏக்தா விஹார் பகுதியைச் சீரமைத்தன. 2008இல் குடிசைவாசிகளுக்கு வங்கிக் கணக்கும் கடனும் கிடைக்கச் செய்யும் முயற்சியும், மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பும் திட்டமும் தொடங்கப்பட்டன.

ஆயினும் ஓர் எல்லையை மறத்தலாகாது. தலைமைக் குடிநீர்க் குழாய் பதிப்பதும், நிலவுரிமை வழங்குவதும் தொண்டு நிறுவனத்தால் இயலாதவை. அவை அரசின் கடமைகள். அரசு அளிக்கும் வசதியைக் கேட்டுப் பெறவும், பெற்றதைப் பேணவும் மக்களை ஆயத்தப்படுத்துவதே தொண்டு நிறுவனத்தின் பங்கு. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றது பயன் தராது.

இத்தகைய பணியை மதிப்பிடும் அலுவலர், கட்டப்பட்ட கழிப்பிடங்களை எண்ணுவதோடு அமைதல் கூடாது. வெளியிலிருந்து வரும் ஊழியர் ஒரு மாதம் வராவிடினும் மன்றம் கூடுகிறதா, கழிப்பிடம் தூய்மையாக இருக்கிறதா, நோயுற்ற குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கிடைக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். ஆம் எனில், வளர்ச்சி அங்கே வேரூன்றிவிட்டது எனக் கொள்ளலாம்.