முன்பெருக்கி வாங்குமுன்

நம் சங்கத்து அன்பர்களுள் ஒருவர் கண்பார்வை இல்லாதவர். தமிழ் முதுகலை பயில்கிறார். அவருக்கு வேண்டிய நூல்கள் பலவற்றிற்கு ஒலிவடிவம் கிடையாது. கணினி படித்துக் காட்டும் தமிழோ உரைநடையில் ஓரளவு ஒப்பேறினாலும், நூற்பாவைக் கண்டதும் தடுமாறிவிடுகிறது. ஆகவே, பௌதிகம் பயிலும் நான் இரவுதோறும் சில பக்கங்களை வாசித்துப் பதிவு செய்து தருவதாகச் சென்ற ஜூலையில் ஒப்புக்கொண்டேன். தில்லியில் வாழும் நமக்குத் தமிழை உரக்கப் படிக்க வாய்ப்பு ஏது? அந்த ஆசையும் எனக்கு இருந்தது என்பதை மறைப்பானேன்!

முதற் பதிவைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லாத்தான் படிக்கிறீங்க அண்ணே. ஆனா பின்னாடி யாரோ நிக்காம அப்பளம் பொரிக்கிறாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இந்த இடத்துல 'வேலை கொடுத்தான்'னு படிச்சீங்களா, 'வேலைக் கொடுத்தான்'னு படிச்சீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னதில் ஒருவன் பணி கொடுக்கிறான். பின்னதில் வேற்படையைக் கொடுக்கிறான். இரண்டையும் பிரித்துக் காட்டும் ககர ஒற்று, ஒலி என்பதைவிட ஒரு நொடித்துளி மௌனம் என்பதே பொருந்தும். நாவின் அடி அண்ணத்தைத் தொட்டு மூச்சை அடைக்கிறது. அந்த அடைப்பின் நீளமே ஒற்றாகக் காதில் விழுகிறது. மௌனம் இருக்கவேண்டிய அந்த இடத்தில் அப்பளம் பொரிந்தால் ஒற்று மறைந்துபோகும். புத்தகத்தைக் கண்ணால் பார்க்கும் நமக்கு இது சிறு குறை. செவி ஒன்றையே நம்பி, அதிலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கேட்பவருக்கு இது பாடபேதம்.

என்னிடம் அப்போது இருந்தவை மூன்று: மடிக்கணினி, சங்கத்தின் பழைய மேடை ஒலிவாங்கி, இவ்விரண்டையும் இணைக்க நான் 2,400 ரூபாய்க்கு வாங்கிய சிறு யு.எஸ்.பி. பெட்டி. ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னழுத்தம் மிக நுண்ணியது. அதைக் கணினி ஏற்கும் அளவுக்கு உயர்த்தும் பகுதிக்கு முன்பெருக்கி என்று பெயர். கடைக்காரர் 'பிரீ-ஆம்ப்' என்பார். அது பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. குற்றவாளி அதுவே என்று நான் உடனே தீர்ப்பளித்துவிட்டேன். இசைக்குழு நடத்தும் நண்பரொருவர் 18,000 ரூபாய்க்குத் தனி முன்பெருக்கி ஒன்றைப் பரிந்துரைத்தார். உதவித்தொகையில் அரையாண்டு மிச்சம் பிடித்தால் வாங்கிவிடலாம். வாங்குமுன் கணக்கிட்டுப் பார்ப்போமே என்று தாளை எடுத்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

கணக்கு கடினமன்று. டெசிபல் என்பதை இப்படி நினைவில் கொண்டால் போதும்: அழுத்தம் இரு மடங்கானால் 6 டெசிபல், பத்து மடங்கானால் 20 டெசிபல். ஒரு பாஸ்கல் ஒலியழுத்தம் 94 டெசிபலுக்குச் சமம். வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இயல்பான வாசிப்பு ஏறத்தாழ 74 டெசிபல், அதாவது ஒரு பாஸ்கலில் பத்தில் ஒரு பங்கு. மேடைகளில் நாம் காணும் டைனமிக் வகை ஒலிவாங்கி, எடுத்துக்காட்டாக ஷூர் எஸ்.எம்.58, ஒரு பாஸ்கலுக்கு 1.85 மில்லிவோல்ட் அளவே தரும். எனவே என் குரல் பெட்டிக்குள் நுழையும்போது அதன் மதிப்பு 0.19 மில்லிவோல்ட் மட்டுமே.

இனி இரைச்சலைப் பார்ப்போம். எந்த மின்தடையிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்துகொண்டே இருப்பதால் ஓர் இரைச்சல் எழுகிறது. இதை அளந்தும் விளக்கியும் ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-இல் கட்டுரைகள் வெளியிட்டனர். ஒலிவாங்கிக்கு ஈடாகக் கொள்ளப்படும் 150 ஓம் மின்தடை, செவிக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் அகலத்தில், அறை வெப்பநிலையில் 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். விவரத்தாள்களின் மொழியில் இது ஏறத்தாழ −131 டிபியு. செவியின் உணர்வுக்கேற்ப எடையிட்டுக் காட்டினால் எண் இன்னும் சற்று அழகாகும்; எடையிடாமல் இதைவிட நல்ல எண்ணை எவரேனும் விளம்பரப்படுத்தினால், உள்ளீட்டைக் குறுக்கிணைத்து அளந்திருக்கிறார் என்று பொருள். நல்ல முன்பெருக்கி −128 வரை வருகிறது, அது 0.31 மைக்ரோவோல்ட். என் மலிவுப் பெட்டியை அளந்தபோது −120 என்று வந்தது, அது 0.78 மைக்ரோவோல்ட்.

எப்படி அளந்தேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் இது எவரும் செய்யக்கூடியது. செங்கோட்டைக்கு எதிரே லஜபதி ராய் மார்க்கெட்டில் மூன்று ஊசிச் செருகி ஒன்றும் 150 ஓம் மின்தடை ஒன்றும் வாங்கினேன். ஊசிகளின் அருகே 1, 2, 3 என்று எண்கள் பொறித்திருக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே மின்தடையைப் பற்றவைத்தேன். வேலை முடிந்தது! முதலில் ஒலிவாங்கியை மாட்டி, ஒரு நிமிடம் வாசித்து, ஒரு நிமிடம் வாய்மூடி இருந்து பதிவு செய்யவேண்டும். பிறகு திருகைத் தொடாமல், ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு இந்தச் செருகியை மாட்டி இன்னொரு நிமிடம் பதியவேண்டும். வாசிப்பின் அளவிலிருந்து பிந்தைய இரைச்சலின் அளவைக் கழித்தால் பெட்டியின் உண்மைத் தகுதி தெரிந்துவிடும். திருகைத் தொட்டுவிட்டால் ஒப்பீடு கெட்டது.

இந்தச் சோதனையில்தான் எனக்கு அதிர்ச்சி காத்திருந்தது. நான் வாய்மூடி இருந்த நிமிடத்தின் இரைச்சல் 1.56 மைக்ரோவோல்ட்டுக்குச் சமமாக இருந்தது. ஒலிவாங்கியைக் கழற்றிச் செருகியை மாட்டியதும் அது சரிபாதியாக, 0.78 ஆகக் குறைந்தது. இரைச்சல்கள் வர்க்கக் கூட்டலாகவே சேரும். ஆகவே எஞ்சிய பங்கு 1.35 மைக்ரோவோல்ட். இது பெட்டியிலிருந்து வரவில்லை. ஒலிவாங்கி வழியாக, என் அறையிலிருந்து வந்தது! மின்விசிறியை நிறுத்தித்தான் பதிவு செய்தேன்; ஜூலை மாதத் தில்லியில் அது எத்தகைய தியாகம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒலிவாங்கிக்கு ஒரு முழம் தள்ளி மடிக்கணினி இருந்தது. அதன் வயிற்றில் ஒரு சிறு விசிறி இடைவிடாது சுழன்றுகொண்டிருந்தது. அப்பளம் பொரித்தவர்களுள் தலைமைச் சமையற்காரர் அவரே.

இப்போது அந்த 18,000 ரூபாய்க் கருவியை மாட்டியிருந்தால்? பெட்டியின் பங்கு 0.31 ஆகும், அறையின் பங்கு 1.35 அப்படியே நிற்கும். மொத்தம் 1.39. முன்பு 1.56. வேறுபாடு ஒரே ஒரு டெசிபல்! அறையின் ஓசை பெரும்பாலும் கனத்தது, பெட்டியின் ஓசை கூர்மையானது. அதனால் காதில் ஒரு டெசிபலைவிடச் சற்று அதிகமாகத் தோன்றலாம். அரையாண்டுப் பட்டினிக்கு அது ஈடாகுமா?

அன்றிரவே நீண்ட கம்பி ஒன்றைக் கொண்டு மடிக்கணினியைக் கதவுக்கு அப்பால் தள்ளினேன். அறைத்தோழரின் ரஜாயையும் என்னுடையதையும் எனக்குப் பின்னே கொடியில் தொங்கவிட்டேன். ஒலிவாங்கியை ஒரு சாணிலிருந்து அரைச் சாணுக்குக் கொண்டுவந்தேன். தொலைவு பாதியானால் குரல் இரு மடங்கு. காசில்லாமல் 6 டெசிபல். மூச்சுக்காற்று மோதிப் பகரம் வெடிக்காமலிருக்க ஒலிவாங்கியைச் சற்றுப் பக்கவாட்டில் நிறுத்தினேன். கணினியின் மின்னேற்றியைப் பிடுங்கியதும் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்றும் ஒழிந்தது. எங்கள் விடுதிச் சுவரில் மூன்றாவது துளைக்குப் பின்னே நிலக்கம்பி இருக்கிறதா என்பது எனக்கு நெடுநாள் ஐயம்.

இத்தனைக்கும் பிறகே முன்பெருக்கியின் பேச்சு வருகிறது. அறை அமைதியானபின் பெட்டியின் இரைச்சல் தனித்துக் கேட்கத் தொடங்கியது. இந்நிலையில் தேர்வு செய்ய ஒரு வழி உண்டு: பெட்டியின் இரைச்சலை அறையிலுள்ள ஓசையாக மாற்றிப் பாருங்கள். 0.78 மைக்ரோவோல்ட்டை டைனமிக் ஒலிவாங்கியின் 1.85 மில்லிவோல்ட்டால் வகுத்தால், அது அறையில் ஏறத்தாழ 26 டெசிபல் ஓசை இருப்பதற்குச் சமம். நல்ல பெட்டியானால் 18. அதே மலிவுப் பெட்டியில் கண்டென்சர் ஒலிவாங்கியை மாட்டினாலோ கதை மாறுகிறது. ஆடியோ-டெக்னிகா ஏ.டி.2020 பாஸ்கலுக்கு 14 மில்லிவோல்ட் தரும். பெட்டியின் பங்கு 9 டெசிபலுக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த ஒலிவாங்கிக்குத் தன் சொந்த இரைச்சலே 20 டெசிபல் உண்டு. ஆக மொத்தம் 20. மலிவுப் பெட்டியுடன் கண்டென்சர் 20, உயர்ந்த பெட்டியுடன் டைனமிக் 18. செவிக்குப் பெரிய வேறுபாடில்லை. கண்டென்சர் வைத்திருப்பவர் முன்பெருக்கிக்காகப் பணத்தைக் கொட்டுவது வீண் என்பது இதனால் விளங்கும். டைனமிக் வைத்திருப்பவர்தான் −125-க்குக் குறையாத எண்ணும், 55 டெசிபல் அளவுப் பெருக்கமும் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும்.

கண்டென்சர் சுற்றுப்புற ஓசையை அதிகம் இழுக்கும் என்று கடைகளில் அச்சுறுத்துவார்கள். ஒரே திசைப்பாங்கும் ஒரே தொலைவும் இருந்தால் குரலும் ஓசையும் ஒரே விகிதத்தில்தான் ஏறும். அதற்கு 48 வோல்ட் ஊட்டம் தரும் பொத்தான் பெட்டியில் இருக்கவேண்டும், அவ்வளவே. இம்முறையை நார்வே வானொலிக்காக நியூமன் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான பெட்டிகளில் உள்ளது. பெட்டியின் முகத்தில் எழுதியிருக்கும் 192 கிலோஹெர்ட்ஸையும், உள்ளே ஒளிரும் வால்வையும் கண்டு மயங்கவேண்டாம். வாசிப்பவருக்கு அவற்றால் பயனில்லை. மலிவுப் பெட்டியில் வால்வு என்பது திருஷ்டிப் பொம்மை போன்றதென்பது என் கருத்து.

நான் என்ன வாங்கினேன்? டிசம்பரில் படிப்பை முடித்து ஊர் திரும்பிய மூத்த மாணவர் ஒருவரிடம் பழைய பெட்டி ஒன்று இருந்தது. விவரத்தாளில் −128, பெருக்கம் 56 டெசிபல். விலை 4,500 ரூபாய். சோதனைச் செருகியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் முன்னிலையிலேயே அளந்து பார்த்தேன். எண் ஏறக்குறைய ஒத்துவந்தது. என் சிறு பெட்டியை 1,200-க்கு விற்றுவிட்டேன். அதன் குறையைச் சொல்லித்தான் விற்றேன். வாங்கியவரிடம் கண்டென்சர் இருந்தது.

புதிய பதிவைக் கேட்ட அன்பர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அண்ணே, நாற்பத்திரண்டாவது நிமிஷத்துல ஒரு ஒற்றை விட்டுட்டீங்க" என்றார். ஓட்டிப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன்.

நன்னூல் எழுத்ததிகாரம் உரையுடன் முடிந்துவிட்டது. சொல்லதிகாரத்திற்கு இன்னும் இரண்டு குரல்கள் தேவை. வாசிக்க விரும்புவோர் விடுதி ஓய்ந்தபின், இரவு பதினொரு மணிக்குமேல் வரலாம். வரும்போது ரஜாய் ஒன்றைக் கொண்டுவருக. என்னிடம் இரண்டுதான் உள்ளன, அவற்றுள் ஒன்று அறைத்தோழருடையது.