சோழியின் பளபளப்பு யார் தந்தது?

பணச்சோழி என்பது இரண்டு, இரண்டரை செ.மீ. நீளமுள்ள ஒரு கடல்நத்தையின் ஓடு. அறிவியல் பெயர் மொனெட்டேரியா மொனெட்டா. பவளப்பாறைகளை ஒட்டிய ஆழமற்ற நீரில் பாசி மேய்ந்து வாழ்வது. அதைச் சிப்பி வகை என்று கருதுபவர்கள் உண்டு. நத்தைக்குரிய சுருள் கண்ணில் படாததே காரணம். இளம் ஓட்டைப் பார்த்தால் ஐயம் நீங்கிவிடும். அதன் சுவர் மெல்லியது, வாய் அகலமானது, சுருளும் தெரியும். முதிரும்போது கடைசிச் சுற்று மற்றவற்றை மூடிக்கொள்ள, உதடு உள்ளே மடங்கிப் பல்வரிசை உண்டாகிறது. அதன்பின் ஓடு நீளாது, தடிக்கும், அவ்வளவுதான்.

கடைகளில் விற்கும் சோழி தேய்த்து மெருகேற்றப்பட்டது என்பது இன்னொரு நம்பிக்கை. மெருகு நத்தையே போட்டது. மேன்டில் என்னும் தசைமடிப்பு வாய்ப்பிளவின் இருபுறமும் வெளிவந்து முதுகுவரை ஓட்டைப் போர்த்துகிறது. பளிங்குபோன்ற பூச்சைச் சுரப்பதும் அதுவே. போர்வை இருப்பதால் பாசியோ கொட்டலசோ ஓட்டில் ஒட்ட வழியில்லை. தொட்டால் சட்டென உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நத்தை செத்தபின் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அலையும் மணலும் வெயிலும் ஓட்டை மங்கவைத்துவிடும். ஆகவே சோழி எல்லாம் கரையில் தானாக ஒதுங்கியதைப் பொறுக்கியது என்று சொல்வது சரியல்ல. மின்னும் சோழி பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டதே. 1340களில் மாலத்தீவில் தங்கியிருந்த இப்னு பதூதா, நத்தைகளைக் குழியிலிட்டுச் சதை அழுகிப்போன பிறகு ஓட்டை எடுத்ததையும், வங்காளத்தார் அரிசி கொடுத்து அதை வாங்கியதையும் எழுதியிருக்கிறார்.

நாணயம் அறியாதவர்களின் பணம் என்ற பேச்சும் ஆராயத்தக்கது. 18ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் வெள்ளி ரூபாயும் சோழியும் சேர்ந்தே புழங்கின. 4 சோழி ஒரு கண்டா, 20 கண்டா ஒரு பணம், 16 பணம் ஒரு காகன், 4 காகன் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 5,120 சோழி. சில்ஹெட் மாவட்ட வரியே சோழியாக வசூலாகி, படகுகளில் டாக்காவுக்குப் போனது. கிடங்கு வைத்து எண்ணியவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பிய வணிகர்கள் மாலத்தீவுச் சோழியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் அடிமைகளையும் வாங்கினார்கள். அங்கே அதன் மதிப்பைச் சரித்தது போலிச் சோழி அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வணிகர்கள் சான்சிபாரிலிருந்து மலிவாக ஏற்றிவந்து குவித்த, முதுகில் ஆரஞ்சு வளையமுள்ள மொனெட்டேரியா அன்னுலஸ் என்ற நெருங்கிய இனம்தான்.