பள்ளிக்கூட வாசலில் ஒரு வீடு

"அக்கா, பால்கனியில நின்னா ஸ்கூல் கேட்டே தெரியுதுக்கா" என்றாள் தங்கை. மேடவாக்கத்தில் வீடு பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்திருந்தாள். விலை 80 லட்சம். அதே அளவு வீடு நாலு கிலோமீட்டர் தள்ளி 60 லட்சத்துக்கே இருந்தது. கூடுதல் 20 லட்சம் அந்தப் பள்ளிக்கூட வாசலுக்காக. சின்னவளுக்கு மூன்று வயது, வருகிற ஜூனில் எல்.கே.ஜி. மூத்தவன் ஐந்தாம் வகுப்பு.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் படிப்பென்றால் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். ஆனால் அந்த வீட்டுக்கு அவள் சொன்ன காரணங்களில் பாதி தவறு. அந்தத் தவறுக்கான பணம் கடைசியில் பிள்ளைகளின் கல்லூரிக்கு வைத்திருக்க வேண்டிய பணத்திலிருந்துதான் போகும்.

நம்பிக்கை: பள்ளிக்குப் பக்கத்தில் சொந்த வீடு இருந்தால் இடம் உறுதி.

சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்ட பேச்சு இது. அங்கே அது ஓரளவு உண்மை. தொடக்கப் பள்ளி முதல் வகுப்பில் இருக்கும் இடத்தைவிட விண்ணப்பம் கூடுதலாக வந்தால், பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முதலிடம், 2 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அடுத்த இடம். அங்கும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது தேர்வு மதிப்பெண்தான் பேசும்.

தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கு அப்படி எல்லை வகுத்த விதி இல்லை. பக்கத்துத் தெருவில் பத்திரம் பதிந்திருக்கிறீர்கள் என்பதற்காக எந்தப் பள்ளியும் இடம் தரக் கடமைப்பட்டதல்ல. தூரம் சட்டப்படி கணக்கில் வருவது கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில்தான். அங்கே 1 கிலோமீட்டர் சுற்றளவு பார்ப்பார்கள், விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். குடியிருக்கும் வீடு சொந்தமா வாடகையா என்று அந்த விதி கேட்பதில்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்த ஒதுக்கீடு கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் கடமை அரசுப் பள்ளிக்கு உண்டு. ஆனால் அதன் பக்கத்தில் வீடு வாங்கக் கூடுதலாக 20 லட்சம் யாரும் கொடுப்பதில்லை.

நம்பிக்கை: வாடகை வீண்காசு. அதையே தவணையாகக் கட்டினால் வீடு நமக்கு. பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது அந்த வீடே கைகொடுக்கும்.

தங்கை இதை உறுதியாக நம்பினாள். காகிதம் எடுத்து எழுதிப் பார்த்தோம்.

கையிலிருக்கும் 20 லட்சம் போக 60 லட்சம் கடன், வட்டி 8.5 விழுக்காடு, 20 ஆண்டு. மாதத் தவணை 52,069 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 42,500 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது பத்தாயிரம்கூட இல்லை. வாடகை வீண் என்றால் இந்த 42,500ஐ என்ன சொல்லி அழைப்பது? அதே வீட்டுக்கு வாடகை கேட்டால் இருபதாயிரத்தை ஒட்டித்தான் சொல்வார்கள்.

சின்னவள் பிளஸ் டூ முடிக்க 14 ஆண்டு. அதற்குள் கடனில் முக்கால்வாசி தீர்ந்திருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். கணக்குப் போட்டால் 29 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கிறது. 20 ஆண்டில் 14 ஆண்டு கட்டிய பிறகும் அசலில் ஏறக்குறைய பாதி. கல்லூரிக் கட்டணம் வரும் அதே நான்கு ஆண்டுகளில் இந்தத் தவணையும் ஓடும்.

தொலைவிலிருந்த வீட்டை வாங்கினால் கடன் 40 லட்சம். தவணையில் மாதம் 17,356 ரூபாய் மிச்சம். 7 விழுக்காடு வட்டி தரும் சேமிப்பில் அதை மாதாமாதம் போட்டு வந்தால் 14 ஆண்டில் 49 லட்சம் ஆகிறது. அந்த 20 லட்சம் வீட்டு மதிப்பிலேயே வளருமே என்று கேட்கலாம். வளரலாம். ஆனால் வீட்டில் ஓர் அறையை மட்டும் விற்றுப் பருவக் கட்டணம் கட்ட முடியாது. விற்றால் மொத்தமாக விற்க வேண்டும். பிறகு 60 லட்சத்தில் வேறொரு பழைய வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று 9 விழுக்காடு, அதாவது 5 லட்சத்து 40 ஆயிரம், தனியாகப் போகும்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பழைய வருமான வரி முறையில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுக் கடனின் அசலும் ஒரே 1.5 லட்சம் வரம்புக்குள்தான் கழிவு பெறுகின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் சலுகை என்று வீடு காட்டிய முகவர் அவளிடம் சொல்லியிருந்தார்.

நம்பிக்கை: எல்.கே.ஜி.யில் சேர்த்த பள்ளியிலேயே பிளஸ் டூ வரை.

எத்தனையோ குடும்பங்களில் இது நடப்பதில்லை. நகரத்தில் பள்ளி வாசலில் வீடு வாங்கியவர்கள், பதினொன்றாம் வகுப்பு வந்ததும் பிள்ளையை நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

நம்பிக்கை: நல்ல வட்டாரத்தில் பெரிய பள்ளியில் படித்தால்தான் நல்ல கல்லூரி கிடைக்கும்.

நான் அதிகம் பேச விரும்புவது இதைத்தான். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200க்கு என்ன எடுத்தாய் என்பதே கேள்வி. முகவரிக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. கலந்தாய்வு வழியே அரசு ஒதுக்கீட்டில் சுயநிதிக் கல்லூரியில் சேருபவருக்கு 2017இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற படிப்புக்கு 55,000. அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் செலவே வேறு. கல்லூரிச் செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் எந்த வழியில் உள்ளே போகிறோம் என்பதுதான்.

அந்த வழிகளில் ஒன்று ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்படிச் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. அதே பள்ளிகளில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022இல் புதுமைப்பெண் திட்டமும், பையன்களுக்கு 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. வீடு தேடுபவர்கள் பள்ளிகளின் பெயர்ப் பட்டியலோடு சுற்றுகிறார்கள். அருகிலிருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? எல்லா அரசுப் பள்ளியும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமலே ஒதுக்குவதுதான் வேதனையாக இருக்கிறது.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூருவில் வேலை, விலை குறைவென்று ஓசூரில் வீடு, பிள்ளைக்கு எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் பள்ளி என்று வாழும் குடும்பங்கள் நிறைய. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று தேவையில்லை. எல்லை தாண்டிப் படித்த பிள்ளை அதை வாங்கி வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்கு முன்பே இதை யோசித்துவிடுங்கள்.

பக்கத்தில் பள்ளி இருப்பதில் ஒரு நன்மை உண்டு, அதை மறுக்க மாட்டேன். காலையில் பிள்ளை அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கும். வேனில் குலுங்காமல் நடந்தே போய் வரும். இதற்காகப் பணம் கொடுப்பது நியாயம். ஆனால் இந்த நன்மை வாடகை வீட்டிலும் அப்படியே கிடைக்கும். பள்ளி மாறினால் வீட்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

தங்கை இப்போது பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறாள். சின்னவள் பேரில் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்கியாயிற்று. 18 வயதில் உயர்கல்விக்காக அதில் பாதிவரை எடுக்கலாம். போன வாரம் போனில் கேட்டாள்: "அக்கா, மூத்தவனை ஆறாவதுக்கு இங்க இருக்கிற கவர்மெண்ட் ஸ்கூல்ல பாக்கலாமா? உள்ளே போய்ப் பாத்துட்டுச் சொல்லலாம்னு அவரும் சொல்றாரு." திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் நேரத்துக்கு மூன்று பேருமாகப் போகிறோம்.