மேய்ச்சல் நிலத்தைப் புதுப்பித்தல்

தீபத் திருநாளையொட்டித் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடுகிறது. அங்கு நல்ல மாடு வாங்கினால் போதாது. ஊரில் அதற்குப் புல்லும் வேண்டும்.

பழைய மேய்ச்சல் நிலத்தில் மண்டிய கோரையை மேலாக அறுப்பதால் பயனில்லை. மண்ணிலுள்ள கிழங்கு மீண்டும் முளைக்கும். கோடை மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே ஆழ உழுது, கிழங்குகளைப் பொறுக்கி வெயிலில் உலர்த்துக. அடுத்த மழையில் முளைக்கும் களைகளையும் உழுது அழித்திடுக.

புரட்டாசியில் கொழுக்கட்டைப் புல்லுடன் முயல் மசால் விதைத்தல் நலம். மசால் பயறு வகைத் தீவனமாதலால் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். அதன் விதைத்தோல் கடினமானது. கொதிநீரை இறக்கி 4 நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையை 5 நிமிடம் இட்டு வடித்து, ஓரிரவு குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும்.

வேர் பிடிக்கும்வரை கால்நடைகளை உள்ளே விடலாகாது. ஊராட்சி மன்றம் இதனை ஊர்க் கட்டுப்பாடாக்கினாலன்றி உழுத உழைப்பு வீணாகும்.