மூக்கு கைவிடும் இடத்தில் ஒளி காக்கும்

வீரபாண்டி வட்டாரத்திலிருந்து நம் மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் பலவற்றில், ஒருவரேனும் சாயப்பட்டறையிலோ சலவைப்பட்டறையிலோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலோ பணிபுரிகின்றனர். தொட்டியைக் கழுவ இறங்குவோரிடையே ஒரு நம்பிக்கை உண்டு: "நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம்." இது உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை. அதன் காரணத்தையும், கண்ணுக்குப் புலனாகாத வாயுவை ஒளியால் அளக்கும் முறையையும் இங்கு விளக்குகிறோம்.

தொட்டிக்குள் நிகழ்வது என்ன?

நொய்யல் மாசு தொடர்பான வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாத முறையே இன்று விதியாக உள்ளது. இது ஆற்றுக்கு நன்மை. ஆனால் ஆற்றுக்குச் செல்லாத கழிவு தொட்டிகளிலேயே தங்குகிறது. சாயமேற்றப் பயன்படும் கிளாபர் உப்பு என்பது சோடியம் சல்ஃபேட் ஆகும். பிராணவாயு புகாத அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக மாற்றுகின்றன. சேற்றைக் கிளறியவுடன் அது வெளிப்படும். காற்றினும் கனமானதாகையால் தொட்டியின் அடியிலேயே தேங்கி நிற்கும்.

பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே இவ்வாயு அழுகிய முட்டைபோல் நாறும். ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் மோப்ப நரம்பு மரத்துப்போகும். அப்போது நாற்றம் நின்றதுபோல் தோன்றுமே தவிர, வாயு நின்றதாகாது. 700 பங்கைக் கடந்தால் ஓரிரு மூச்சிலேயே மனிதர் சரிந்து விழலாம்.

ஒளி எவ்வாறு அளக்கிறது?

ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய சில ஒளியலைகளை மட்டும் உறிஞ்சும். 1859 முதல் இதனை ஆராய்ந்த ஜான் டின்டால், மனித மூச்சிலுள்ள கரியமில வாயுவையும் அகச்சிவப்புக் கதிரால் அளக்க இயலும் எனக் காட்டினார். அறுவை அரங்கில் நோயாளியின் ஒவ்வொரு மூச்சையும் கண்காணிக்கும் கருவி இன்றும் அதே நெறியில் இயங்குகிறது.

ஒளியிழை என்பது தலைமுடியளவு மெல்லிய கண்ணாடி இழை. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பவருடன் இணைந்து, இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று 1954இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் மைல்கல். வாயு உணரியில், லேசர் ஒளி இவ்விழை வழியே தொட்டி வரை சென்று, அங்குள்ள காற்றினூடே பாய்ந்து, மற்றோர் இழை வழியே திரும்புகிறது. உறிஞ்சப்படும் அலையில் ஒளி எவ்வளவு குறைந்தது, அதனையடுத்த உறிஞ்சப்படாத அலையில் எவ்வளவு குறைந்தது என்று கருவி ஒப்பிடுகிறது. தூசியும் அழுக்கும் இரண்டையும் ஒன்றுபோலவே மங்கச் செய்வதால், எஞ்சும் வேறுபாடு வாயுவினுடையதே ஆகும்.

மிகச் சிறிய அளவை எவ்வாறு காண்பது? வெளிர்நிறச் சாய நீரைக் கரண்டியில் எடுத்துப் பாருங்கள். தெளிந்த நீர்போல் இருக்கும். அதே நீரை ஆழமான அண்டாவில் பார்த்தால் நிறம் புலப்படும். அதுபோல், கண்ணாடிகளுக்கிடையே ஒளியைப் பலமுறை திருப்பியோ, உள்ளீடற்ற இழைக்குள் வாயுவையே நிரப்பியோ ஒளியின் பாதையை நீட்டுகின்றனர். உணரிமுனையில் மின்சாரம் இல்லாமையால் தீப்பொறி எழ வாய்ப்பில்லை. ஆகவே எரிவாயு சூழும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இது ஏற்றது. நம் ஆலைகளில் எளிதில் கிடைக்கும் கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் மின்வேதி வகையின. முறையாகச் சரிபார்க்கப்பட்டால் அவையும் உயிர் காக்கும்.

வீட்டிலுள்ள ஒளிக்கருவி

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளால் அளக்கும் கருவியே. ஒவ்வோர் ஒளியும் தன்னிடம் கேட்ட வினாவுக்கு மட்டுமே விடையளிக்கும் என்பதை உறவினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரியடுப்போ இயங்கியதால் கார்பன் மோனாக்சைடு தாக்கியவருக்கும் அது 98 எனக் காட்டக்கூடும். அவ்வாயு கலந்த இரத்தத்தைப் பிராணவாயு கலந்த இரத்தமாகவே அது கருதிவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு நஞ்சிலோ, இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் திசுக்களால் அதனைப் பயன்படுத்த இயலாது. ஆகவே வாயு தாக்கியவர் மயங்கியிருந்தாலோ, தலைவலி, வாந்தி, குழப்பம் இருந்தாலோ, எண்ணை நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டா.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அளந்து பாராமல் எவரையும் தொட்டியில் இறங்க விடாதீர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, தகுதியுடையவர் சோதித்து எழுத்துச் சான்று அளிக்க வேண்டும், இன்றேல் சுவாசக் கருவியும் கயிறு பிணைத்த இடைவாரும் வேண்டும் என்றே விதித்தது.

2. ஒருவர் விழுந்தால், அவர் தம்பியே ஆயினும் மகனே ஆயினும், பின்னால் குதிக்காதீர். மீட்கச் சென்றவரும் மாள்வதே இவ்விபத்துகளின் கொடிய வழக்கம். 101, 108 எண்களை அழையுங்கள். இடைவாரும் கயிறும் இருந்தால் வெளியே நின்றே இழுங்கள்.

3. மீட்டவரைத் திறந்தவெளிக்குக் கொணர்ந்து, நனைந்த உடையை அகற்றுங்கள். மூச்சில்லையெனில் மார்பை அழுத்துங்கள்; வாயோடு வாய் வைத்து ஊத வேண்டா.

4. மருத்துவமனைக்கு வந்தவுடன், எந்தத் தொட்டி, என்ன வேலை, எவ்வளவு நேரம் என்பதை மறையாது கூறுங்கள். நாங்கள் அளிக்கும் சிகிச்சை அச்செய்தியிலிருந்தே தொடங்குகிறது.